தண்ணீர் வரும் நாள்

(செகந்திராபாத்தில் தமிழ்ச் சபை ஒன்றின் குடும்ப ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"நல்ல தீர்மானங்களும் குடும்ப வாழ்வும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் தவறிய ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் அப்பாவின் அக்கா, என் அத்தை, மெட்டுகூடாவில் தனியாக இருந்தார்கள். மாமா லாலாகூடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கட்டிய சின்ன வீடு அது. மாமா போனபிறகு அத்தைக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவர்களுக்கு, வேதாகமத்தைத் தாமே எடுத்து வாசிக்க முடியாமல் போனது. ஒரு கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "தம்பி, வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டிட்டுப் போறியா?"

"கட்டாயம் வாரேன் அத்தை" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மியாப்பூரில் மெட்ரோ ஏறி அமீர்பேட்டையில் வண்டி மாறினால் மெட்டுகூடா. வழி கஷ்டமில்லை, மனமும் இருந்தது. ஆனாலும் அடுத்த கிறிஸ்மஸுக்குள் நான் போனது நான்கே தடவை. பொங்கலுக்கு முன்பே அத்தை கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள்.

அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அத்தையின் தெலுங்கு வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தெலுங்குக்காரர்; எந்தச் சபையையும் சேர்ந்தவர் அல்ல. நம் நகரத்தில் பல பகுதிகளில் குடிதண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே குழாயில் வருகிறது! தண்ணீர் வரும் நாளில் அத்தை வீட்டு டிரம்மையும் நிரப்பிக் கொடுப்பது அவர் வழக்கம். டிரம் நிரம்ப இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன் என்று, அத்தைக்குக் கீர்த்தனலு, அதாவது சங்கீதப் புத்தகம், வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். நாளுக்கு ஒரு சங்கீதம். 150 சங்கீதமும் முடிந்து, லூக்கா சுவிசேஷம் தொடங்கி, 15ஆம் அதிகாரம்வரை வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்குத் தண்ணீர் பில் ரசீது ஒன்று செருகியிருந்தது.

அந்த ரசீதைப் பார்த்த நேரத்தை நான் மறக்க முடியாது. நான் வாக்குக் கொடுத்தவன். அந்த அம்மா யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன இரண்டு குமாரர்களின் உவமை உங்களுக்குத் தெரியும். தகப்பன் திராட்சத் தோட்டத்துக்குப் போகச் சொன்னபோது "போகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்த மகன் ஒருவன். அவன் யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு பல மாதங்கள் ஒரே கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அத்தைமேல் பாசம் இல்லையா? இருந்தது. அந்த அம்மாவைவிடக் குறைவாகவா இருந்தது? அப்படியும் சொல்ல முடியாது. பிறகு ஏன் அவர் செய்தார், நான் செய்யவில்லை? கடைசியில் கிடைத்த பதில் மிகச் சாதாரணமானது. அவருடைய அன்புக்கு ஒரு நாள் இருந்தது, தண்ணீர் வரும் நாள். என் அன்புக்கு அப்படி ஒரு நாள் இல்லை. "இந்த வாரம் எப்படியும்" என்பது ஒரு கிழமையின் பெயர் ஆகாதே!

அன்பானவர்களே, இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நம் குடும்பங்களில் நல்ல எண்ணங்கள் பாழாவது பெரும்பாலும் பக்திக் குறைவினாலும் பாசக் குறைவினாலும் அல்ல. அவற்றுக்கு நாளும் இடமும் ஆளும் குறிக்காமல் விடுவதனால் பாழாகின்றன. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம், பிள்ளைகளின் தேர்வுக்கு நாள் குறிக்கிறோம், சுவர் நாட்காட்டியில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட வட்டம் போட்டு வைக்கிறோம். குடும்ப ஜெபத்தையும் மன்னிப்புக் கேட்பதையும் ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஆற அமரப் பேசுவதையும் மட்டும், மனம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டு நிருபங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். ஒரு நல்ல தீர்மானம் பிறந்து, தளர்ந்து, நிறைவேறிய முழுக் கதையும் அதில் இருக்கிறது.

எருசலேமில் விசுவாசிகள் வறுமையில் இருந்தார்கள். அவர்களுக்குக் காணிக்கை சேர்க்க வேண்டும். முதல் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் அதற்கு ஒரு ஏற்பாடு எழுதினார். என்றைக்கு? வாரத்தின் முதல் நாள். எங்கே? அவரவர் தம்மிடத்திலேயே. எவ்வளவு? வரவுக்குத் தக்கபடி. தாம் வந்து நிற்கும்போது அவசரமாகத் திரட்டும்படி ஆகக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதினார். "தாராளமாகக் கொடுங்கள்" என்ற பொதுவான போதனையோடு அவர் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

கொரிந்து சபையாருக்கும் ஆர்வம் அதிகம். அவர்கள் ஆர்வத்தை மக்கெதோனியாவில் சொல்லிப் பவுல் பெருமைப்பட்டார். ஒரு வருஷம் ஓடியது. நடுவில் சபைக்குள் சச்சரவு, பவுலோடு மனத்தாங்கல். காணிக்கைக் காரியம் பாதியில் நின்றது. நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? யாரும் "இனி வேண்டாம்" என்று முடிவு செய்வதில்லை. நடுவில் ஒன்று வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்போது பவுல் எழுதியதுதான் இரண்டாம் நிருபத்தின் 8, 9ஆம் அதிகாரங்கள். அவர்களுடைய விருப்பம் போலி என்று அவர் சொல்லவில்லை. போன வருஷமே விரும்பினீர்கள், செய்யவும் தொடங்கினீர்கள், அந்த விருப்பத்துக்கு ஏற்றபடி இப்போது முடித்துவிடுங்கள் என்ற கருத்தில் எழுதினார். இல்லாததிலிருந்து கொடுக்க வேண்டாம், இருப்பதிலிருந்து கொடுத்தால் போதும் என்றும் தைரியப்படுத்தினார். தீத்துவையும் இன்னும் இரண்டு சகோதரரையும் முன்கூட்டியே அனுப்பினார். நாளையும் இடத்தையும் முதல் நிருபத்தில் கொடுத்தவர், இரண்டாவதில் துணைக்கு ஆளையும் கொடுத்துவிட்டார்.

முடிந்ததா? ரோமர் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மக்கெதோனியரும் அகாயா நாட்டாரும் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்துவிட்டார்கள் என்று பவுல் எழுதுகிறார். கொரிந்து இருப்பது அகாயாவில். பாதியில் நின்ற தீர்மானம் நிறைவேறியது. தளர்ந்துபோன எந்தக் குடும்பத்துக்கும் இது நல்ல செய்தி.

நம் காலத்து ஆராய்ச்சியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது. ஜெர்மனியின் உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சரும் அவரோடு வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம், கிறிஸ்மஸுக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கச் சொன்னார்கள். நேரமும் இடமும் குறித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே விடுமுறை. நேரமும் இடமும் குறித்ததுதான் வித்தியாசம்.

இன்னும் பழைய சாட்சி ஒன்று உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்த்தருடைய வார்த்தையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொன்ன மோசே, நான்கு வேளைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. இவை எந்தக் குடும்பத்திலும் தினமும் தாமாகவே வரும் வேளைகள். புதிதாக நேரம் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் நேரத்தோடு வார்த்தையை முடிச்சுப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மா குழாயோடு போட்டதும் அதே முடிச்சுதான்.

நம் பாட்டிமாருக்கு இந்த முடிச்சு நன்றாகத் தெரியும். உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பலருக்கு நினைவிருக்கும். மிசோரம் நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910இல் இதே பிடியரிசிக் காணிக்கையைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது நிற்கவில்லை. கையில் காசு புழங்காத ஏழை மலைநாட்டுச் சபை ஒன்று, ஊழியர்களை அனுப்பும் அளவுக்கு எழுந்து நின்றதற்கு அந்தப் பிடியரிசி ஒரு பெரிய காரணம். தினமும் அடுப்பு மூட்டத்தானே வேண்டும்! அடுப்போடு சேர்ந்த காணிக்கை மறந்துபோவதில்லை.

இப்போது நம் மண்ணோடு சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னைக்குப் போகச் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுக்கும் நம்மில் எத்தனைபேர், இரவில் வாரங்கல் தாண்டியபின் தோர்னக்கல் சந்திப்பைக் கடக்கிறோம் என்று நினைக்கிறோம்? அந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் தீர்மானத்தை வாழ்ந்து முடித்தது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்புக்குப் போனவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் பணியாற்றிய அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை வெளியே அனுப்புவதைக் கண்டார். நம்மாலும் ஏன் முடியாது என்ற எண்ணம் பிறந்தது. மறு வருஷமே, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் இல்லாமல், நம் மக்களின் காணிக்கையில், நம் ஆட்களையே அனுப்பும் சங்கம். அவர்கள் தேர்ந்தெடுத்த பணித்தளம் நிஜாம் ஆட்சியில் இருந்த இந்தத் தெலுங்கு நாடு, தோர்னக்கல் பகுதி.

அத்தோடு நின்றிருந்தாலும் அது பெரிய காரியம்தான். பலருடைய தீர்மானம் ஒரு சங்கம் ஆரம்பிப்பதோடு, ஒரு கமிட்டி அமைப்பதோடு திருப்தியடைந்துவிடும். ஆனால் பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர் 1909இல் தாமே புறப்பட்டார். இந்தியாவெங்கும் பயணம் செய்து பெயர் பெற்றிருந்த பொறுப்பை விட்டு, குருப்பட்டம் பெற்று, தோர்னக்கலுக்கு வந்தார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வீடும் பிள்ளைகளும் உறவும் தமிழ்நாட்டில் வேர்விட்ட பிறகு, மொழி தெரியாத ஊருக்குக் குடும்பமாக வருவதென்றால் அது ஒருவர் மட்டும் எடுத்த தீர்மானமாக இருக்க முடியுமா? அன்பு மாரியம்மாளும் அதில் கையெழுத்துப் போட்டவர் என்றே நான் நினைக்கிறேன். அவர் கிராமத்துப் பெண்களிடையே பாடுபட்டார். அசரியா தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

அவர் செய்த ஒரு காரியம் நம் தலைப்புக்கு மிகவும் பொருந்தும். திருமுழுக்குப் பெறுகிறவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார். நற்செய்தியை அறிவிக்காமல் இருந்தால் தனக்குக் கேடு என்ற பவுலின் கருத்தை, அப்படி நின்று வாயால் சொல்ல வைப்பார். அவர்களில் பெரும்பாலோர் படிப்பறிவுக்கு வாய்ப்பே தரப்படாத ஏழை மாலா, மாதிகா சமூகத்து மக்கள். கை, தலை, வாய், சுற்றி நிற்கும் சபை எல்லாம் சேர்ந்து அந்தத் தீர்மானத்துக்குச் சாட்சி. மனதுக்குள் மட்டும் வைத்த தீர்மானம் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்று அந்த மேய்ப்பருக்குத் தெரிந்திருந்தது.

தோர்னக்கல் பேராலயம் பிரதிஷ்டை ஆனது 1939 ஜனவரி 6. அவர் அங்கே வந்து முப்பது வருஷம். 1945 ஜனவரி 1 அன்று அங்கேயே மறைந்தார். அப்போது அந்தப் பேராயத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மனதில் விழுந்த ஓர் எண்ணம், நாள் குறித்து, இடம் குறித்து, வீட்டார் துணையோடு நடந்து, இந்தத் தெலங்கானா மண்ணில் முடிந்தது.

நாம் எல்லோரும் பேராயராக வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு வருவோம். மூன்று காரியங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது குடும்ப ஜெபம். அப்பாவுக்கு ஹைடெக் சிட்டியில் இரவுப் பணி, அம்மாவுக்குக் காலையில் பள்ளிக்கூட வேலை, பெரியவனுக்கு டியூஷன். நாலு பேரும் ஒன்றாக இருப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட வீட்டில் "தினமும் ஒன்பது மணிக்கு அரைமணி நேரம்" என்று தீர்மானித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்குப் பதிலாக, வீட்டில் தவறாமல் நடக்கும் ஒன்றைப் பிடியுங்கள். பிள்ளை ஷூ மாட்டும் நேரமாக இருக்கலாம், இராத்திரி இட்லிக்கு மாவு கரைத்து வைக்கும் நேரமாக இருக்கலாம். அந்த நேரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஒரு வசனம், ஒரு ஜெபம், ஐந்து நிமிஷம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் ஆண்டவர் சொன்னார். அந்த ஐந்து நிமிஷத்துக்கும் ஒரு செலவு உண்டு. கைப்பேசியை எந்த மேசையில் வைக்கப்போகிறோம் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

இரண்டாவது ஊரில் இருக்கும் பெற்றோர். நாசரேத்திலும் நாகர்கோவிலிலும் வேலூரிலும் வயதான அம்மா அப்பாவை விட்டுவிட்டு இங்கே பிழைக்க வந்தவர்கள் நாம். "அடிக்கடி பேசணும்" என்பது எண்ணம். "ஞாயிறு ஆராதனை முடிந்து, காரில் ஏறுமுன், ஆலய வளாகத்து மரத்தடியில் நின்று அம்மாவிடம் பேசுவேன்" என்பது தீர்மானம். ஒரு மாதம் அப்படிச் செய்து பாருங்கள். அந்த நேரத்துக்கு அம்மா அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்குவார்கள். எதிர்பார்த்துக் காத்திருக்க ஒரு நேரத்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடை! என் அத்தைக்கு அதைக் கொடுக்க நான் தவறிவிட்டேன்.

மூன்றாவது மன்னிப்பு. கணவன் மனைவிக்குள் வார்த்தை தடித்துவிடுகிறது. இருவருக்கும் சமாதானமாக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. யார் முதலில் என்பதில்தான் நாள் போகிறது. கோபம் வராத ஒரு நல்ல நாளில் இருவரும் உட்கார்ந்து ஒரு வழக்கம் வகுத்துக்கொள்ளுங்கள். சண்டை நடந்த அன்று இராத்திரி கதவைத் தாழ்போடப் போகிறவர் முதலில் பேசுவார் என்று வைத்துக்கொள்ளலாம். கதவு தினமும் பூட்டத்தான் வேண்டும். அந்தத் தாழ்ப்பாளைத் தொடும்போது கை நினைவுபடுத்தும்.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை. பிள்ளைகளிடம் "சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறக்காதீர்கள். தகப்பனின் வாக்கு நிற்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, பரம தகப்பனின் வாக்குத்தத்தத்தை நம்புவது எளிது. வேதபாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இப்படியெல்லாம் ஏற்பாடு செய்தும் தவறிவிட்டால்? தவறத்தான் செய்வோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. ஆகவே ஒரு நாள் தவறியதை வைத்து "நம்மால் முடியாது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். கிருபையின்கீழ் இருக்கிறவர்கள் நாம். மறுபடியும் தண்ணீர் வரும் நாள் வரும், அன்றைக்குத் தொடருங்கள்.

முடிக்கிறேன். டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் நாம் எல்லோரும் வரிசையில் வந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். கர்த்தர் நமக்குக் கொடுக்கும் வாக்கு அது. வீட்டுக்குப் போய் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். அந்த அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஜான் வெஸ்லி 1755இல் தம் மெதடிஸ்ட் மக்களுக்காகத் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையில், கர்த்தரின் வாக்குக்கு எதிரே நம் வாக்கையும் வைக்கிறோம். இந்த வருஷம் அந்தப் பின்பக்கத்தில் குடும்பமாக உட்கார்ந்து ஒரே ஒரு காரியம் எழுதுங்கள். அதன் பக்கத்தில் கிழமை, இடம், துணைக்கு நிற்பவர் பெயர். ஒன்று போதும்.

அத்தையின் தெலுங்கு வேதாகமத்தை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டேன். ரசீதை மட்டும் கேட்டு வாங்கி வந்து, என் தமிழ் வேதாகமத்தில் லூக்கா 15இல் வைத்தேன். மல்காஜ்கிரியில் பார்வை குறைந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போய்விடுவோம். வாரம் ஒரு அதிகாரம். அத்தைக்கு நின்ற இடத்திலிருந்துதான் தொடங்கினோம். லூக்கா முடிந்தது. போன செவ்வாய் யோவான் 4ஆம் அதிகாரம், கிணற்றடியில் தண்ணீர் மொள்ள வந்த பெண்ணின் கதை. வாசித்து முடித்துவிட்டு அந்தத் தண்ணீர் ரசீதை 5ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கு.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.